உரிந்த கைபிடி

அண்ணா வாங்கித் தந்த காரின் உட்புறம் முழுக்கச் சந்தன நிறம். டாஷ்போட், கதவுகளின் உள்பக்கம், முன் இருக்கைகளுக்கு நடுவிலிருந்த சின்னப் பெட்டி, கூரைத் துணி எல்லாம் அதே நிறம். கதவுகளின் உள் கைபிடிகள் மட்டும் வெள்ளிபோல மினுங்கின. அவை பிளாஸ்டிக், மேலே மெல்லிய உலோகப் பூச்சு, அவ்வளவுதான். அது அப்போது எங்களுக்குத் தெரியாது. ஜப்பானில் சில வருடம் ஓடிவிட்டு வந்த கார் என்றாலும், மன்னார்ப் பள்ளிமுனையில் எங்கள் ஒடுக்கமான ஒழுங்கைக்குள் அது வந்து நின்றபோது புத்தம் புதிதாகவே தெரிந்தது. அயலெல்லாம் வந்து கண்ணாடிக்குள்ளால் எட்டிப் பார்த்தது. அம்மா கதவடியில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கி நின்றார்.

“ஏறுங்கோ அம்மா” என்றேன்.

“பொறு பிள்ளை, கால் கழுவிப்போட்டு வாறன்.”

கிணற்றடிக்குப் போய்க் கால் கழுவி, சேலைத் தலைப்பால் ஈரத்தைத் துடைத்து, பிறகுதான் ஏறினார்.

அண்ணா சண்டைக் காலத்தில் வள்ளமேறி இந்தியாவுக்குப் போய், அங்கிருந்து எப்படியோ கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தவர். சாப்பாட்டுக் கடைகளில் கோப்பை கழுவினார். பிறகு ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. அவர் பட்ட பாட்டை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அப்பா செத்தபோதுகூட வர முடியாமல், போனில் பூசைச் சத்தத்தைக் கேட்டபடி அழுதவர். அம்மாவுக்குச் சீனி வருத்தம் முற்றி, கால்விரல்களும் கைவிரல்களும் மரத்துப்போகத் தொடங்கிய காலத்தில்தான் காரைப் பற்றிச் சொன்னார். “அம்மா கிளினிக்குக்கு ஓட்டோவில குலுங்கிக் குலுங்கிப் போகக்கூடாது” என்றார். அந்தச் சொல்லில் அன்பு இருந்தது. நான் அதை நம்பினேன். நான் கலியாணம் கட்டாதவள். வீட்டில் நானும் அம்மாவும்தான். காருக்காகவே சாரதிப் பயிற்சிக்குப் போனேன்.

காரோடு சேர்ந்து கட்டளைகளும் வந்தன.

“சீற்றில இருக்கிற பொலித்தீனைக் கழட்டாதேங்கோ. மீன், கருவாடு ஒண்டும் ஏத்தக்கூடாது. வெயிலில விடாத. அதுக்காக ஓடாமலும் விடாத, எஞ்சின் இறுகிப்போடும். நீ கந்தோருக்குக் கொண்டு போ, ஆனால் கவனமாக் கொண்டு போ.”

மன்னாரில் வெயில் படாமல் கார் வைத்திருப்பது, கடலில் நனையாமல் முழுகுவது மாதிரி. நான் வேலை செய்யும் கந்தோர் பெருநிலப் பக்கம், மாந்தையில். அங்கே வளவுக்குள் நின்றது ஒரேயொரு வேப்பமரம். அதன் நிழல் மேலதிகாரியின் ஜீப்புக்கு. என் கார் காலையிலிருந்து பின்னேரம் வரை வெட்டவெளியில் காய்ந்தது. அதற்கு நிழல் கிடைக்கவில்லை. அதன் நிழலில் கழுதைகள் படுத்துக் கிடந்தன.

முதலில் வந்தது மணம். பூட்டிக் கிடந்த காரைப் பின்னேரம் திறந்தால், உருகிய மெழுகும் புதுச் செருப்பும் கலந்ததுபோல ஒரு மணம் முகத்தில் அடிக்கும். அதற்குப் பிறகு முன்கண்ணாடியின் உள்பக்கத்தில் எண்ணெய்ப்பசை போன்றதொரு படலம். துடைத்தால் போகும், ஒரு கிழமையில் திரும்ப வரும். டாஷ்போட்டிலிருந்து கசிந்து கண்ணாடியில் படிகிறது என்று தாராபுரத்தில் கராஜ் வைத்திருக்கிற முஸ்லிம் நானா சொன்னார். காலையில் மன்னார்த் தீவிலிருந்து பாலத்தால் போகும்போது சூரியன் நேரே முகத்தில். பின்னேரம் திரும்பும்போதும் நேரே முகத்தில்தான். அந்தப் படலத்தில் வெயில் விழுந்தால் பாதை முழுக்க வெண்பால். முன்னால் போகிற பஸ்ஸைக்கூடச் சத்தத்தில்தான் அறிய வேண்டும்.

நானா ஒரு போத்தல் தந்தார். “இதப் பூசுங்க தங்கச்சி, புதுசு மாதிரி வந்திரும்.”

பூசினேன். ஒரு நாள் புதுசு மாதிரித்தான் இருந்தது. அடுத்த நாள் கந்தோர் வளவின் புழுதியெல்லாம் அதில் ஒட்டி, டாஷ்போட் பலாப்பால் பட்ட கைபோலப் பிசுபிசுத்தது. நானாவிடம் போய்ச் சொன்னபோது, “அப்ப இன்னொருக்காப் பூசிப் பாருங்க” என்றார். அவர் பொல்லாத மனுசனல்ல. அவருக்கும் தெரியவில்லை.

அண்ணா முதல் தடவை வந்தது அந்தக் காலத்தில்தான். அப்போது டாஷ்போட்டில் வெடிப்பு ஒன்றும் இல்லை. அம்மாவை முன்னால் இருத்தி மடு மாதா கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு போனார். கோயில் வளவில் காரை நிறுத்திவிட்டு, சட்டைப்பையிலிருந்த லேஞ்சியால் கதவில் படிந்திருந்த செம்மண்ணைத் துடைத்தார். அம்மா மாதாவுக்கு முன்னால் முழந்தாளில் நின்ற நேரம், அவர் வெளியே காருக்குப் பக்கத்தில் நின்று போறவாறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊர்க்காரர் ஒருவர் வந்து, “உன்ரயோ?” என்று கேட்டார். “ஓம், அம்மாவுக்கு எடுத்துக் குடுத்தது” என்றபோது அவருடைய முகத்தில் வந்த வெளிச்சம் இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது. அன்றைக்கு நானும் சந்தோஷப்பட்டேன்.

அவர் திரும்பிப் போன பிறகு ஞாயிறுகள் மாறின. பூசை முடிந்து வந்ததும் வீடியோ அழைப்பு வரும். அம்மாவின் சுகத்தை ஒரு வார்த்தையில் விசாரித்துவிட்டு, “காரைக் காட்டு” என்பார். நான் போனைப் பிடித்தபடி காரைச் சுற்ற வேண்டும். கதவைத் திறந்து உள்ளே காட்ட வேண்டும். “அந்த மூலையைக் கிட்டக் கொண்டுபோ. அதென்ன வெள்ளையா? துடைச்சுப் பார்.”

வெளிநாட்டு வாகனங்கள் நாட்டுக்குள் வருவதை அரசாங்கம் நிறுத்தியது. இருக்கிற பழசுகளுக்கெல்லாம் தங்கத்தின் மரியாதை வந்தது. உடைந்த பாகத்துக்குக் கொழும்பில் சொல்லி எடுத்தாலும், வருவது இன்னொரு செத்த காரிலிருந்து கழற்றியது. அதுவும் அதே வெயிலில் அதே வருடங்கள் கிடந்தது. குளிர்காற்று வரும் வாயின் சின்னத் தகடுகள் தொட்ட விரலோடு கழன்று வந்தன. மாற்றிப் போட்டவை ஒரு மாரிக்குக்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

பிறகு பெற்றோல் தட்டுப்பாடு. மாதக்கணக்கில் கார் தகரக் கொட்டிலுக்குள் நின்றது. நிழல்தான், ஆனால் பாண் சுடுகிற போறணைக்குள் இருக்கிற நிழல். மறுபடி வெளியே எடுத்தபோது கூரைத் துணி வள்ளத்துப் பாய் மாதிரித் தொய்ந்து தலையில் முட்டியது. அதன் பின்னாலிருந்த பஞ்சு மஞ்சள் தூளாகி எங்கள் தலைமயிரில் கொட்டியது. இருக்கைப் பொலித்தீனுக்குக் கீழே பூஞ்சணம். டாஷ்போட்டில் கண்ணாடியோரமாக ஒரு நீண்ட வெடிப்பு, காய்ந்த குளம்போல. ஸ்டியரிங்கின் தோல் என் உள்ளங்கையில் கறுப்பாக ஒட்டியது. கல்லுப் பாதையில் போனால் கதவுகளுக்குள் எங்கோ உடைந்த கிளிப்புகள் கிலுகிலுத்தன.

எனக்கு இதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. கார் ஓடியது. அம்மா குலுங்காமல் கிளினிக்குக்குப் போய் வந்தார். அதற்குத்தானே அது வந்தது? ஆனால் அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை நெருங்க நெருங்கப் பதற்றம் பிடிக்கும். வெடிப்பின் மேல் ஒரு பின்னல் துணியை விரித்து, அதன் மேல் சின்ன மாதா சுரூபத்தை வைத்தார். தொய்ந்த கூரைத் துணியைத் தையல் ஊசிகளால் குத்தி நிமிர்த்தினார். மரத்த விரல்களோடு, கழுத்தை அண்ணாந்துகொண்டு.

“விடுங்கோ அம்மா. வெயிலுக்குப் பழுதாகுது. அவர் விளங்கிக்கொள்ளட்டும்.”

“அவன் குளிருக்குள்ள நிண்டு உழைச்சது பிள்ளை. நாங்கள் பாழாக்கிப்போட்டம் எண்டு நினைப்பான்.”

கைபிடிகளின் மினுக்கம் அந்த வருடம்தான் உரியத் தொடங்கியது. முதலில் கொப்புளம்போல எழும்பியது. பிறகு மீன் செதிள்மாதிரிக் கிளம்பி நின்றது. அந்தச் செதிளின் விளிம்பு சவரப் பிளேட்டுக்குச் சமம். என் பக்கக் கதவில் ஒருநாள் எனக்கே கீறிவிட்டது. அன்றைக்கே அம்மாவிடம் சொன்னேன்.

“கதவை நான் வந்து திறந்து விடுறன். நீங்கள் கைபிடியில தொடாதேங்கோ.”

“ஓம் ஓம்.”

நானாவிடம் கேட்டதற்கு வேறு கைபிடி எடுப்பது கஷ்டம் என்றார். அரத்தால் ராவிவிடச் சொல்லிக் கேட்டேன். ராவினார். சில கிழமையில் பக்கத்தில் இன்னொரு இடம் கிளம்பியது.

அது நடந்த நாள் எது என்று எனக்குத் திட்டமாகத் தெரியாது, அம்மா பிறகு சொல்லித்தான் அறிந்தேன். தெரியாமல் இருந்ததுதான் இந்தக் கதை. எங்கோ இறங்குகிற அவசரத்தில், நான் சுற்றி வருவதற்குள் அம்மா இடது கையால் கைபிடியை இழுத்திருக்கிறார். நடுவிரலில் ஆழமாக வெட்டியிருக்கிறது. மரத்த விரல், நோகவில்லை. பொலித்தீனில் இரத்தம் சொட்டியதைக் கண்டபோதுதான் அவருக்கே தெரிந்திருக்கிறது. லேஞ்சியால் பொலித்தீனைத் துடைத்திருக்கிறார். வீட்டுக்கு வந்து, அலுமாரியிலிருந்த, காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்ரரை எடுத்து, அதைக் கைபிடியில் ஒட்டியிருக்கிறார். விரலுக்குப் பழைய சீலைத் துண்டு.

அடுத்த ஞாயிறு வழமைபோல அழைப்பு வந்தது. அம்மா முன் இருக்கையில் ஏறி இருந்து, பிளாஸ்ரர் ஒட்டிய இடத்தைக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டார்.

“அம்மா, ஏன் கதவில கை வைச்சுக்கொண்டிருக்கிறியள்? ஊத்தை பிடிக்கும். கையை எடுங்கோ” என்றார் அண்ணா.

அம்மா கையை எடுத்துச் சேலைத் தலைப்புக்குள் வைத்தார். போன் என் கையில் இருந்தது. நான் வெடிப்பு தெரியாமல் பிடிப்பதில் கவனமாக இருந்தேன்.

சாப்பிடுவது வலது கையால் என்பதால் எனக்கு ஒன்றும் தெரிய வரவில்லை. ஒரு பின்னேரம் அம்மா வலது கையால் மட்டும் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். இடது கை மடிக்குள் கிடந்தது. அறைக்குள் ஒரு நாற்றம் வந்தது. எலி செத்துவிட்டதாக்கும் என்று கட்டிலுக்குக் கீழே தேடினேன். பிறகுதான் அம்மாவின் மடியை விலக்கிப் பார்த்தேன். சீலைத் துண்டுக்குள் விரல் கறுத்து வீங்கியிருந்தது.

“இது என்னம்மா?”

“ஒண்டுமில்லை. மீன் முள்ளுக் குத்தினது.”

“மீன் முள்ளு இப்பிடி வெட்டுமோ?”

“கத்தாத பிள்ளை. அவனுக்குக் கேட்டுப்போடும்.”

கனடாவில் இருக்கிறவருக்கு. பள்ளிமுனையிலிருந்து.

ஆஸ்பத்திரியில் அம்மாவைக் கட்டிலில் கிடத்தினார்கள். நஞ்சு கைக்குள் ஏறத் தொடங்கிவிட்டது என்று வவுனியாவுக்கு அனுப்பினார்கள். அம்புலன்சில் அம்மாவின் மற்றக் கையைப் பிடித்தபடி போனேன். கொதிகாய்ச்சல். நினைவு வந்து வந்து போன நேரத்திலெல்லாம் ஒரே கேள்வி: “காரைப் பூட்டினனியோ?” விரலை அடியோடு எடுத்தார்கள். கையைக் காப்பாற்றியதே பெரிய காரியம் என்று டொக்டர் சொன்னார். நான் நன்றி சொன்னேன். வெளியே வந்து ஒரு நீள மர வாங்கில் குந்தியிருந்தேன். அழுகை வரவில்லை. வந்தது கோபம். யார் மேல் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாத கோபம்.

அண்ணாவுக்குச் சொல்ல வேண்டாம் என்று அம்மா என் தலையில் கை வைத்துச் சத்தியம் கேட்டார். காய்ச்சல், வார்ட்டில் வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னோம். சத்தியத்துக்காக நான் வாய் மூடியிருக்கவில்லை. சொன்னால் அவர் முதலில் எதை விசாரிப்பார் என்ற பயம்தான். அதை அறியாமல் இருப்பது நல்லது என்று நினைத்தேன்.

அடுத்த வருடம் அவரே வந்தார். வெளிநாட்டிலிருந்து வாகனங்கள் மறுபடி வரப்போகின்றன என்று கதை அடிபட்ட நேரம். வாடகைக்குப் பிடித்த வானிலிருந்து இறங்கி, அம்மாவைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் கொஞ்சினார். அம்மாவின் இடது கை சேலைக்குள்தான். சூட்கேஸ்களைக்கூட உள்ளே எடுக்காமல் நேரே கொட்டிலுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். அம்மாவும் மெல்ல நடந்து வந்தார்.

கதவைத் திறந்தார். பின்னல் துணியைத் தூக்கினார். சுரூபத்தை இருக்கையில் வைத்துவிட்டு, வெடிப்பின் வழியே விரலை ஓட்டினார். கூரையில் குத்தியிருந்த ஊசிகளைப் பார்த்தார். ஸ்டியரிங்கைத் தொட்டுக் கையை மணந்தார்.

“என்ன செய்து வைச்சிருக்கிறியள்? அங்க எத்தனையோ பேர் இதைவிடப் பழைய கார் வைச்சிருக்கினம். உள்ளுக்குப் பார்த்தால் கண்ணாடி மாதிரி இருக்கும்.”

“அங்க இந்த வெயில் இல்லை அண்ணா” என்றேன்.

“வெயில்! ஒரு துணி போட்டு மூடத் தெரியாதோ?” இடப்பக்கம் வந்து கைபிடியைக் கண்டார். பிளாஸ்ரர் அழுக்கேறி அரைவாசி உரிந்திருந்தது. “இதை ஆர் உடைச்சது?”

“நான்தான் ராசா” என்றார் அம்மா.

அம்மா அதைச் சொன்ன விதம்தான் என்னை உடைத்தது. வகுப்பில் எழுந்து நிற்கிற பிள்ளையின் குரல். நான் அம்மாவின் இடது கையைச் சேலைக்குள்ளிருந்து இழுத்து அண்ணாவுக்கு முன்னால் நீட்டினேன். அம்மா இழுத்துக்கொள்ளப் பார்த்தார். நான் விடவில்லை.

“இதை ஆர் உடைச்சது எண்டும் கேளுங்கோ” என்றேன்.

அண்ணா அந்தக் கையைப் பார்த்தார். விரல் இருந்த இடம் மூடித் தழும்பாகியிருந்தது. அவருடைய கண் கலங்கியது, அதையும் நான் சொல்ல வேண்டும். நான் நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை அவர் அம்மாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த ஒரு நிமிடம், இதோ எல்லாம் சரியாகப் போகிறது என்று நான் நம்பினேன்.

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?” என்று கேட்டார். “சொல்லியிருந்தால் ஒரு கைபிடி வாங்கி அனுப்பியிருப்பனே!”

நான் வீட்டுக்குள் போய்விட்டேன்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று அம்மா பிறகு எத்தனையோ தரம் சொன்னார். எனக்கும் தெரியும். தூரத்தில் இருக்கிறவருக்குப் பொருளை அனுப்பி மட்டும்தான் பழக்கம். வருத்தம் வந்தாலும் கையில் வருவது அதுதான். அதை விளங்கிக்கொள்ள என்னால் முடியும். பொறுத்துக்கொள்ளத்தான் முடியவில்லை.

இரண்டு நாள் கழித்துச் சாப்பிடும்போது காரை விற்கப்போவதாகச் சொன்னார். “புது வாகனங்கள் இறங்கினால் இதை ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டினம். இப்ப குடுத்தால்தான்.”

“அம்மாவின்ர கிளினிக்?” என்றேன்.

“பிறகு ஒண்டு பாப்பம்.”

வவுனியாப் பக்கமிருந்து ஒரு குடும்பம் பார்க்க வருவதாக இருந்தது. அண்ணா முதல் நாளே காரை நானாவிடம் கொண்டுபோனார். டாஷ்போட்டுக்குச் சந்தன நிறத்தில் ஒரு உறை. கூரைத் துணிக்குப் பசை. எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் போத்தல் மினுக்கம். கைபிடிகளைச் சுற்றி வெள்ளி நிறத்தில் ஒட்டும் தாள். அம்மாவின் சுரூபம் வீட்டுக்குள் வந்துவிட்டது. வந்து நின்ற காரைப் பார்த்தபோது, வாங்கிய அன்றைக்கு நின்ற கார்தான் நின்றது.

வந்தவர்கள் ஒரு இளம் சோடி. கணவன் எஞ்சினைப் பார்த்தான். மனைவி வயிற்றுப்பிள்ளைக்காரி, இடப்பக்கம் ஏறி இருந்து, “உள்ளுக்கு நல்ல வடிவா வைச்சிருக்கிறியள்” என்றாள். அண்ணா சிரித்தார். அவள் இறங்குவதற்காகக் கைபிடியில் விரலை வைக்கப் போனாள்.

“பிள்ளை, அதில தொடாதேங்கோ!” வாசலில் கதிரையில் இருந்த அம்மா சத்தம் போட்டார். எழுந்து, தடுமாறி, காரடிக்கே வந்துவிட்டார். “அந்தத் தாள் மேலால ஒட்டினது. உள்ளுக்கு வெட்டும். வெளியால ஆரையும் கொண்டு திறப்பியுங்கோ.” இடது கையைக் கண்ணாடிக்கு நேரே தூக்கிக் காட்டினார். யாருக்கும் காட்டாமல் ஒளித்து வைத்திருந்த கை.

அந்தப் பெண் பயந்துபோய்க் கையை எடுத்தாள். கணவன் வந்து தாளை உரித்துப் பார்த்தான். வெயிலில் நின்று நெடுநேரம் பேசினார்கள். கடைசியில் அவர்கள் காரை வாங்கத்தான் செய்தார்கள். வேறு கார் கிடைக்காத காலம். ஆனால் அண்ணா நினைத்த விலைக்கு அல்ல.

அவர்கள் ஒழுங்கை தாண்டியதும் அண்ணா அம்மாவிடம் திரும்பினார். “வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்க மாட்டியளோ? உங்களுக்காகத்தானே இவ்வளவும் செய்தனான்.”

அம்மா மதியத்துக்கு அவருக்குப் பிடித்த நண்டுக் குழம்பு வைத்துக் கொடுத்தார். அண்ணா நன்றாகச் சாப்பிட்டார். நான் மேசைக்குப் போகவில்லை. அண்ணா திரும்பிப் போகிற அன்று என்னைக் கூப்பிட்டு, “அம்மாவைக் கவனமாப் பார்” என்றார். நான் “ஓம்” என்றேன். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லியிருந்தாலும் எல்லாச் சொல்லும் வந்திருக்கும்.

இப்போது நான் கந்தோருக்குப் பஸ்ஸில் போகிறேன். அண்ணாவின் அழைப்பு வரும்போது போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுகிறேன். அவர் என்னைப் பற்றி விசாரிப்பதாக அம்மா சொல்கிறார். அம்மா மன்னித்துவிட்டார் என்றும் சொல்ல முடியாது. மன்னிக்க ஏதோ இருக்கிறது என்றே அவருக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றுகிறது. எழுதினால் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

போன கிழமை கிளினிக்கில் வாங்கு நிறைய ஆட்கள். பக்கத்தில் இருந்த அயல்வீட்டு மனுசி அம்மாவைக் கேட்டார்: “என்னக்கா, இப்பவெல்லாம் ஓட்டோவில வாறியள்? உங்கட கார் எங்க?”

“அது பழசாப்போச்சு. மகன் குடுத்திட்டார்” என்றார் அம்மா. “புதுசு ஒண்டு எடுத்துத் தரப்போறார். உள்ளுக்கெல்லாம் நல்ல சாமானாம், வெயிலுக்கு ஒண்டும் செய்யாதாம்.”

அண்ணா அப்படி எதுவும் சொல்லவில்லை. அந்த மனுசி என்னைப் பார்த்தார், நானும் ஓம் என்று தலையாட்டுவேன் என்ற எதிர்பார்ப்பில். நான் தலையாட்டவும் இல்லை, திருத்தவும் இல்லை. எங்கள் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். அம்மாவைத் தோளில் பிடித்து எழுப்பி உள்ளே கூட்டிக்கொண்டு போனேன்.